ஆடிக்கு மட்டும்தானா கூழ்?

ஆடி பிறந்துவிட்டால் விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் வட்டாரத்து ஊர்களில் அம்மன் கோயில்தோறும் கூழ் வார்க்கிறார்கள். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, மோர் விட்டுக் கரைத்து, வெங்காயமும் முருங்கைக்கீரையும் துணையாக வைத்து ஊருக்கே ஊற்றுகிறார்கள். ஆவணி வந்ததும் அந்தப் பானை கவிழ்த்து வைக்கப்படுகிறது. இந்த மானாவாரி நிலத்தில் ஆண்டு முழுவதும் பசியாற்றிய உணவு ஒரு மாதத்துச் சடங்காகச் சுருங்கிவிட்டது. அதே நேரத்தில் கடைகளில் ‘பாரம்பரியம்’ என்ற சொல் பெருகிக்கொண்டே போகிறது. சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய மிக்சர் என்று பொட்டலங்கள் அடுக்கப்படுகின்றன. முன்னோர் உண்டது எல்லாம் மருந்து என்கிறது ஒரு தரப்பு. பழையதைப் பேசுவதே பிற்போக்கு என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்புமே ஆராயும் வேலையைத் தட்டிக்கழிக்கின்றன. நெடுங்காலம் பலர் உண்டு தேறிய உணவுக்கு முதல் உரிமை தர வேண்டும். புதிதாக வரும் பண்டம்தான் தன் தகுதியை நிரூபிக்க வேண்டும். பழையதை எடுத்துக்கொள்ளும்போது அதன் செய்முறையோடு முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

ஓர் உணவு காலத்தால் சோதிக்கப்பட்டது என்று சொன்னால் அதற்குத் தெளிவான பொருள் உண்டு. பல தலைமுறைகளாக, கருவுற்ற பெண்கள், பால்குடி மறந்த குழந்தைகள், வயலில் உழைப்பவர்கள், முதியவர்கள் என எல்லோரும் அதை உண்டிருக்கிறார்கள். மழை பெய்த ஆண்டிலும் பொய்த்த ஆண்டிலும் அது விளைந்திருக்கிறது அல்லது கெடாமல் இருப்பில் இருந்திருக்கிறது. செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியின் அடிவாரத்தில் இன்றும் நிற்கும் பெரிய களஞ்சியத்தைப் பார்த்தால், தானியத்தைக் கெடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய கவலையாக இருந்தது என்று புரியும். 1690இல் தொடங்கி 1698 வரை நீண்ட முகலாயரின் முற்றுகையைக் கண்ட கோட்டை அது. இப்படிப்பட்ட நெருக்கடிகளைத் தாண்டி ஒரு பழக்கம் நிலைத்திருந்தால், அது உடனடிக் கேடு எதையும் செய்யவில்லை, குழந்தைகளை வளர்த்தெடுத்தது, அந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் பொருந்தியது என்றாவது உறுதியாகச் சொல்லலாம். சந்தைக்கு வரும் ஒரு புதிய பொட்டலம் பெரும்பாலும் நாக்குக்குப் பிடிக்கிறதா, அலமாரியில் எத்தனை மாதம் தாங்கும் என்ற சோதனைகளைத் தாண்டித்தான் வருகிறது. முப்பது ஆண்டுகள் தொடர்ந்து தின்றால் உடல் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இருக்க வாய்ப்பில்லை.

இதற்குத் தமிழர் வரலாற்றிலேயே அழுத்தமான சான்று ஒன்று இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால்கள் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து இறந்தார்கள். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களிடையே நோய் கடுமையாக இருந்தது. தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களை அது அநேகமாகத் தீண்டவே இல்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன், வித்தியாசம் அரிசியில்தான் இருக்கிறது என்று 1907இல் எழுதினார். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது ஊரிலிருந்து பழகிவந்த புழுங்கல் அரிசி. கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905 இறுதியிலிருந்து ஓராண்டுக்கு மேல் இதைச் சோதித்துப் பார்த்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் உண்ட 123 பேரில், விடுதிக்கு வந்த பிறகு ஒருவருக்குக்கூடப் புதிதாக நோய் வரவில்லை. பிறகு பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் ஜாவாத் தொழிலாளர்களிடையே நடத்திய ஆய்வும் இதையே உறுதிசெய்தது.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. நெல் அவித்த நம் பாட்டிமாருக்கு வைட்டமின் பற்றித் தெரியாது. அரிசி நொறுங்காது, பூச்சி எளிதில் அண்டாது, நாட்பட இருக்கும் என்பதுதான் அவர்கள் அறிந்த பலன். ஆனால் அவர்கள் அறியாத பலன் ஒன்றும் அதற்குள் இருந்தது. அந்த வைட்டமினை 1936இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில் பிறந்தவர். குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வகத்தில் அய்க்ராய்டும் அவரது குழுவினரும் செய்த ஆய்வுகளும் இதே திசையில்தான் சென்றன. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. ஒரு பழக்கத்தின் காரணம் நமக்கு விளங்கவில்லை என்பதாலேயே அதற்குக் காரணமே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்பதை இந்த வரலாறு கற்றுத்தருகிறது. கைவிடும் முன் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் கைவிட்டால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு மலாயாவின் கல்லறைகள் சாட்சி.

இதற்கு நேர்மாறான கதை வனஸ்பதி. 1937இல் டால்டா இந்தியச் சந்தைக்கு வந்தது. நெய்க்கு மாற்று, விலை குறைவு, கெடாது, பார்க்க நெய் போலவே இருக்கும் என்று அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி உறையவைக்கும் அந்த முறையில் டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்ல கொலஸ்ட்ராலை இறக்குகிறது என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1990இல் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் இதை உலகம் முழுவதும் ஒழிக்கக் கோரியது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் படிப்படியாக வரம்பைக் குறைத்து, 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. டால்டா வந்ததற்கும் இந்த வரம்புக்கும் இடையே 85 ஆண்டுகள். மூன்று தலைமுறை இந்தியர்கள் அறியாமலேயே ஒரு சோதனைக்கு உட்பட்டார்கள். இனிப்புக் கடையிலும் பேக்கரியிலும் அவர்கள் தின்றதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. நிரூபிக்கும் பொறுப்பைப் புதியதன் மீது வைக்காமல், கேடு என்று காட்டும் பொறுப்பை உண்பவர் மீது வைத்ததன் விளைவு இது.

அப்படியானால் ‘செக்கு’ என்றும் ‘சிறுதானியம்’ என்றும் எழுதியிருப்பதை எல்லாம் வாங்கிவிடலாமா? கூடாது. பழக்கம் என்பது பொருளின் பெயர் மட்டுமில்லை, அதைக் கையாளும் முறையும் சேர்ந்ததுதான். வல்லம் வட்டாரத்தின் முக்கியப் பயிரான மணிலா என்னும் வேர்க்கடலையையே எடுத்துக்கொள்வோம். ஈரம் உலராத கொட்டையில் ஒருவகைப் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் வேர்க்கடலைப் பிண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் சுமார் ஒரு லட்சம் செத்தபோதுதான் உலகம் இதைக் கண்டுகொண்டது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு அது. ஆலையில் சுத்திகரிக்கும்போது இந்த நஞ்சு பெருமளவு நீங்கிவிடும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் நீங்காது. களத்தில் நன்றாகக் காயவைத்து, சுருங்கியதையும் பூத்ததையும் பொறுக்கி எறிந்துவிட்டுச் செக்குக்குக் கொண்டுபோகும் குடியானவரின் வழக்கம்தான் அந்த எண்ணெய்க்குப் பாதுகாப்பாக இருந்தது. அந்த வழக்கத்தை விட்டுவிட்டுச் செக்கை மட்டும் வைத்துக்கொண்டால், பழமையின் பெயரால் நஞ்சை வாங்குகிறோம்.

உலக வரலாற்றிலும் இதற்கு இணையான பாடம் உண்டு. மெக்சிகோவின் பழங்குடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து வேகவைத்து அரைத்தார்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவின் தென் மாநிலங்களும் தானியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டன. ஏழைகளிடையே பெலக்ரா நோய் பரவியது. சுண்ணாம்பு நீர்தான் தானியத்தில் பூட்டிக் கிடந்த நியாசின் சத்தை உடலுக்குக் கிடைக்கும்படி விடுவித்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. நம் கூழிலும் அதே கதை இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு உண்டு. தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராமுக்கும் குறைவு. ஆனால் தானியங்களில் உள்ள ஃபைடிக் அமிலம் இந்தச் சத்துகளை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்தத் தடையைக் குறைக்கின்றன. கம்பு மாவில் கொழுப்பு அதிகம் என்பதால் சில நாட்களிலேயே காறல் எடுத்துவிடும். அதனால்தான் அவ்வப்போது இடித்தார்கள். மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் நூடுல்ஸ் பொட்டலத்தில் மைதாவோடு கொஞ்சம் கம்பு மாவைக் கலந்து ‘பாரம்பரியம்’ என்று அச்சடிப்பது, நம்பிக்கையை விற்பனைச் சரக்காக்குவது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எது மரபு? மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. மணிலாவும் தென்னமெரிக்கப் பயிர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் தென்னாற்காட்டில் அது பெருகி, புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறியது. பிறகு திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்து, டி.எம்.வி. ரகங்கள் இங்கிருந்து நாடெங்கும் பரவின. அப்படியிருக்கப் புதியதை எதிர்ப்பது பொருந்துமா என்று கேட்கலாம். இந்த மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. கதவை யாரும் சாத்தச் சொல்லவில்லை. மணிலா இந்த மண்ணுக்கு வந்தது, விளைந்தது, அவித்தும் வறுத்தும் ஆட்டியும் உண்ணப்பட்டது, தலைமுறைகளைத் தாண்டித் தன் தகுதியைக் காட்டியது. பழையது என்பதால் நாம் அதை ஏற்கவில்லை. தேர்வில் தேறியது என்பதால் ஏற்கிறோம். நாளை வரும் நல்ல உணவுக்கும் அதே வழி திறந்திருக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று. புகையிலையும் நானூறு ஆண்டுகளாக இங்கே பழக்கத்தில்தான் இருக்கிறது. வெற்றிலை பாக்கு அதைவிடத் தொன்மையானது, திருமணத்திலிருந்து சாவுவரை எல்லாச் சடங்கிலும் இடம்பெற்றது. ஆனால் புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் தாம்பூலம் வாய்ப்புற்றுநோயை உண்டாக்குகிறது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் அறிவித்தது. நெடுங்காலப் பழக்கம் இதை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? உடனே கொல்லும் நஞ்சையும், பிள்ளைகளின் வளர்ச்சியைக் கெடுக்கும் குறைபாட்டையும் மக்களின் அனுபவம் கண்டுபிடித்துவிடும். ஐம்பது வயதுக்கு மேல் மெல்ல வந்து தாக்கும் கேட்டை அதனால் பிரித்தறிய முடியாது. ஆகவே காலத்தின் தீர்ப்பை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. காலம் என்பது முறம், அறிவியல் என்பது சல்லடை. முறத்தில் புடைத்ததைச் சல்லடையில் சலித்த பிறகே பானையில் இட வேண்டும். கேழ்வரகுக்கும் இது பொருந்தும். அதை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் ரத்தச் சர்க்கரை வேகமாகவே ஏறும். சர்க்கரை நோய்க்குக் கேழ்வரகு மருந்து என்று சொல்பவர்கள் நோயாளிகளுக்குத் தீங்கு செய்கிறார்கள்.

மூன்றாவது மறுப்பு வாழ்க்கையிலிருந்து வருவது. அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். கூழ் என்பது வறுமையின் அடையாளமாக இருந்தது. நெல்லுச்சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் மட்டுமே கிடைத்த வீடுகள் எத்தனையோ. கூலியாகக் கிடைத்த கம்பை இருட்டோடு எழுந்து உரலில் இடித்த பெண்களின் தோள்வலியை யாரும் கணக்கில் எழுதவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின் கொடுமை இந்த வறண்ட மாவட்டங்களின் நினைவிலிருந்து எளிதில் நீங்கக்கூடியதில்லை. 2011 முதல் ரேஷன் கடையில் விலையில்லாமல் கிடைக்கும் அரிசி, பசியை ஒழித்த பெரும் சாதனை. சோறு உண்பது தன்மானம் என்று நினைத்தவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இடிப்பதற்கு இன்று மாவு மில்லும் மிக்சியும் இருக்கின்றன. உழைப்பின் கொடுமையை இயந்திரத்திடம் விட்டுவிட்டு உணவை மட்டும் மீட்டுக்கொள்ள முடியும். வறுமையினால் உண்ண நேர்ந்ததைத் தேர்ந்தெடுத்து உண்ணும் நிலைக்கு வந்திருப்பதே ஒரு முன்னேற்றம்தான்.

அக்காலத்தில் மனிதர்கள் குறைவான வயதிலேயே இறந்தார்களே என்றும் கேட்பார்கள். உண்மைதான், விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது அளவில்தான் இருந்தது. அதை இன்று 70 வரை உயர்த்தியவை தடுப்பூசி, சுத்தமான குடிநீர், மகப்பேறு மருத்துவம், நோய் எதிர்ப்பு மருந்துகள், பஞ்சமின்மை ஆகியவை. பொட்டலத் தின்பண்டங்களுக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை. கூடிய ஆயுளை எப்படிக் கழிக்கிறோம் என்பதே இன்றைய கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் சர்க்கரைநோய் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் அதன் அளவு 14.4 விழுக்காடு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஒரே சமூகத்தில் சர்க்கரை மிகுதியும் இரும்புக் குறைவும் சேர்ந்து நிற்கின்றன. இதற்கு உணவு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. உடலுழைப்பு குறைந்ததும் பிறவும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 20 பேரைத் தங்கவைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனையில், மிகுதியாகப் பதப்படுத்திய உணவு தரப்பட்ட இரண்டு வாரங்களில் அவர்கள் பதப்படுத்தாத உணவு தரப்பட்ட இரண்டு வாரங்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தின்று, கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை ஏறினார்கள். இரண்டு வகை உணவிலும் சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் ஒரே அளவில் வைக்கப்பட்டிருந்தும் இப்படி ஆனது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. கம்பு விளையும் விழுப்புரம் மாவட்டத்துக்கும் அந்தத் தெரிவைக் கொடுக்க வேண்டும். வேண்டுவோர் அதை எடுத்துக்கொள்ளட்டும், அரிசி வேண்டுவோருக்கு அரிசியே கிடைக்கட்டும். இரும்புச்சத்து மிகுந்த தனசக்தி என்ற கம்பு ரகம் 2014இல் நாடு முழுவதற்கும் வெளியிடப்பட்டது. பழைய தானியத்தைப் புதிய அறிவியல் மெருகேற்றியதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. அப்படிப்பட்ட விதைகள் வல்லம் ஒன்றியத்து மானாவாரிக் காடுகளுக்கு வர வேண்டும். செக்கு வைத்திருப்பவர்களுக்கு ஈரப்பதம் பார்க்கும் கருவியும் அஃப்ளாடாக்சின் சோதனை வசதியும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வழியாகக் கிடைக்கட்டும். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராத்தியப் படைத்தளங்களில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. ராஜகிரி ஏறி இறங்கிவரும் பயணிக்குக் கம்பங்கூழும் அவித்த மணிலாவும் நீர்மோரும் தரும் கடைகளை மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கலாம்.

வீட்டில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் எளியவை. இந்தப் பண்டத்தை எத்தனை தலைமுறை உண்டு பார்த்திருக்கிறது? எந்த முறையில் சமைத்து, எதனோடு சேர்த்து, எவ்வளவு உண்டார்கள்? அதன் மெதுவான விளைவுகளைப் பற்றி மருத்துவ ஆய்வு என்ன சொல்கிறது? புதியதாக இருந்தால், அதன் நன்மைக்குச் சான்று தருபவர் அதை விற்பவரா, வேறு யாராவதா? இந்தக் கேள்விகளுக்குத் தேறிவரும் உணவு பெரும்பாலும் நம் பக்கத்து வயலில் விளைவதாகவே இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் காலையில் கம்போ கேழ்வரகோ, அன்றாடம் அதிகம் தீட்டாத புழுங்கல் அரிசி, நன்றாக உலர்ந்த கொட்டையில் ஆட்டிய எண்ணெய் அளவோடு, ஒரு கீரை என்று தொடங்கினாலே போதும். அடுத்த தலைமுறை உண்ணப்போவதை இன்று நம் அடுப்படிதான் முடிவுசெய்கிறது. அந்த முடிவை விளம்பரத்திடம் விட்டுவிடாமல், அனுபவத்தையும் ஆய்வையும் கேட்டு எடுப்பது நம் கடமை.